புல்லும் மெழுகும் நிலமும்: நடு ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண்களின் கலை காயத்தை ஆற்றுகிறதா?

கேட்கப்பட்ட கேள்வி இது: “பழங்குடிப் பெண்களின் கலை, தொழில்முனைவு, ஆன்மிகம் ஆகியவை காலனியம் விட்டுச்சென்ற காயங்களை ஆற்றும் வழிகள் என்று இப்போது கல்விப்புலத்தில் அதிகம் பேசுகிறார்கள். கூடை முடைந்து விற்பதால் ஒரு நூற்றாண்டுக் காயம் ஆறிவிடுமா, அல்லது இது நல்ல மனம் படைத்தவர்களின் சொல்லலங்காரம் மட்டும்தானா?”

ஐயம் நியாயமானது. கூடை தன்னளவில் எதையும் ஆற்றுவதில்லை என்பதே என் கருத்து. கூடைக்கான புல்லைத் தேடி எந்த நிலத்துக்குப் போகிறார்கள், அங்கே போவதை யார் முடிவு செய்கிறார்கள், அந்த நிலத்தின் கதையில் எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்பது யார் கையில் இருக்கிறது என்ற கேள்விகளுக்குப் பெண்கள் தாங்களே விடை சொல்லும் நிலை வந்த இடங்களில் மட்டும் ஏதோ ஒன்று ஆறியிருக்கிறது. அந்த நிலை வராத இடங்களில் பல லட்சம் டாலருக்கு விற்ற ஓவியமும் ஆற்றவில்லை. இதைப் பொதுவில் பேசினால் உபதேசம் போலாகிவிடும் என்பதால், ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனப் பெண்களை, அதிலும் சிறப்பாகப் பிட்ஜன்ஜாரா, ஙானியட்ஜாரா, பிண்டுபி மொழிகளைப் பேசும் பெண்களை வைத்தே விளக்குகிறேன்.

பிட்ஜன்ஜாரா மக்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் சொல் தமிழ்க் காதுக்கு அப்படியே ‘அணங்கு’ என்று ஒலிக்கும். அவர்கள் மொழியில் அதற்கு மனிதர் என்று பொருள். இந்த ஒலியொற்றுமையை வைத்துக்கொண்டு குமரிக்கண்டம் வரை போக விரும்புபவர்கள் உண்டு. தற்செயல் என்று விட்டுவிடுவதே நேர்மை.

காயம் எது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1788-இல் பிரித்தானியர் குடியேறியபோது இந்தக் கண்டம் உரிமையாளரற்ற நிலம் என்ற கற்பனையில் நடத்தப்பட்டது; அந்தக் கற்பனையை அந்நாட்டு உயர்நீதிமன்றம் மாபோ வழக்கில் நிராகரித்தது 1992 ஜூன் 3-இல்தான். இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளில் மேய்ச்சல் பண்ணைகள் நீர்நிலைகளைப் பிடித்துக்கொண்டன. கலப்புப் பிறப்புடைய குழந்தைகள் தாய்மாரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டனர்; அந்தத் ‘திருடப்பட்ட தலைமுறை’யிடம் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்கப்பட்டது 2008 பிப்ரவரி 13-இல். 1953-இலும், 1956 முதல் 1963 வரையிலும் பிரிட்டன் தெற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில், எமு ஃபீல்டிலும் மரலிங்காவிலும், அணு ஆயுதச் சோதனைகளை நடத்தியது. அந்த நிலத்தைத் தம் கால்களால் அறிந்திருந்த குடும்பங்கள் அகற்றப்பட்டன.

பெண்களுக்கு இவற்றோடு இன்னொரு இழப்பும் சேர்ந்தது. தொடக்ககால மானிடவியலாளர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் ஆண்களிடம் பேசினார்கள். ஆண்கள் காட்டிய சடங்குகளை எழுதினார்கள். சமயம் ஆணுடையது, பெண்ணுடையது வெறும் அன்றாடம் என்று முடிவு கட்டினார்கள். 1930-களில் வடமேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியில் ஆய்வு செய்த ஃபில்லிஸ் கேபரி போன்ற சிலர் இதை மறுத்தபோதும், அந்த முடிவு அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் நெடுங்காலம் உயிரோடிருந்தது. அதன் விளைவு நடைமுறையில் கடுமையாக இருந்தது. நிலம் பற்றிய பேச்சு வந்தால் அதிகாரிகள் ஆண்களைத்தான் அழைத்தார்கள். தங்களுக்கென்று தனியான புனித இடங்களும், பாடல்களும், அவற்றைக் காக்கும் கடமையும் உடைய பெண்கள் கூட்டத்துக்கு வெளியே அமர்த்தப்பட்டார்கள்.

1970-களின் இறுதியில் தெற்கு ஆஸ்திரேலியாவில் பிட்ஜன்ஜாரா நில உரிமைப் பேச்சுவார்த்தை நடந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. தங்களை யாரும் முறையாகக் கலந்தாலோசிக்கவில்லை என்று கண்ட பெண்கள் 1980-இல் தங்களுக்கென ஓர் அவையை அமைத்துக்கொண்டார்கள். ஙானியட்ஜாரா, பிட்ஜன்ஜாரா, யன்குனிஜாரா என்ற மூன்று மொழிப் பெயர்களையும் தாங்கிய அந்த மகளிர் அவை மூன்று மாநில எல்லைகளைக் கடந்து சுமார் 3,50,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இயங்குகிறது. தமிழ்நாட்டைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். அரசு வரைந்த கோடு அவர்கள் உறவுமுறையை மூன்றாக வெட்டியிருந்தது. பெண்கள் அந்தக் கோட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. கலையைப் பற்றிய கேள்விக்கு ஓர் அமைப்பின் பிறப்பைச் சொல்வது வழி தவறுவது போலத் தோன்றலாம். ஆனால் பின்னால் வந்த கூடைகள் இந்த அவையிலிருந்துதான் வந்தன.

1995-இல் அவையின் முயற்சியாக, மேற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள பாபுலன்குட்ஜா என்ற சிற்றூரில் கூடை முடையும் பயிற்சி ஒன்று நடந்தது. ‘ஜன்பி’ என்றால் அவர்கள் மொழியில் காய்ந்த புல். புல்லைக் கற்றையாகத் திரட்டி, வளையமாகச் சுற்றி, நூலால் அல்லது ராஃபியா நாரால் தைத்துக்கொண்டே போவது முறை. பாலைவனப் பெண்களின் மரபில் இந்த வகைக் கூடை கிடையாது. அவர்கள் மரத்தில் குடைந்த ‘பிட்டி’ என்ற தொட்டியில் நீரையும் விதைகளையும் சில சமயம் குழந்தையையும் சுமந்தவர்கள். அதைத் தலையில் தாங்க, மனித முடியாலும் புல்லாலும் இறகாலும் சுற்றிய ‘மங்கூரி’ என்ற வளையத்தை வைத்துக்கொள்வார்கள். நம் ஊரில் சும்மாடு என்போமே, அதுவேதான். சும்மாட்டைச் சுற்றப் பழகிய விரல்களுக்குக் கூடையின் அடிவட்டம் புதிதாக இருக்கவில்லை. பயிற்சி ஊரூராகப் பரவி, இன்று ஜன்பி பாலைவன நெசவாளர்கள் என்ற பெயரில் 20-க்கும் மேற்பட்ட குடியிருப்புகளில் நூற்றுக்கணக்கான பெண்கள் ஈடுபடும் தொழிலாக வளர்ந்திருக்கிறது.

இதன் பொருளாதாரத்தைவிட அதன் நடைமுறைதான் என்னை ஈர்க்கிறது. புல் கடையில் கிடைப்பதில்லை. அதற்கு நிலத்துக்குப் போயாக வேண்டும். போவதற்கு வண்டி வேண்டும். வண்டி வந்தால் பாட்டிமாரும் பேத்திமாரும் ஏறிக்கொள்வார்கள். புல் பறிக்கும் நாளில் உடும்பு வேட்டையும் உண்டு, தேனெறும்பு தோண்டலும் உண்டு. வழியில் ஒரு பாறையைக் கடக்கும்போது அந்தப் பாறை யார், அது எப்படி அங்கே வந்தது, அருகில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது பேத்திக்குச் சொல்லப்படும். ஒரு கூடையின் விலைக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கின்றன, ஆனால் ரசீதில் இவை இருப்பதில்லை. முடித்த பொருளை நிறுவனம் உடனே பணம் கொடுத்து வாங்கிக்கொள்கிறது. எங்கோ ஒரு நகரத்துக் கடையில் அது விற்கும்வரை பாட்டி காத்திருக்க வேண்டியதில்லை. முடைவதற்கு மேசையோ மின்சாரமோ தேவையில்லை என்பதால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டும், நோயாளிக்குத் துணையிருந்துகொண்டும், துக்க வீட்டில் அமர்ந்துகொண்டும் வேலை தொடர்கிறது.

2005-இல் பாபுலன்குட்ஜாப் பெண்கள் முழு அளவிலான ஒரு டொயோட்டா வண்டியைப் புல்லால் செய்து, ஆஸ்திரேலியாவின் மிக முக்கியமான பூர்வகுடிக் கலை விருதை வென்றார்கள். நகர விமர்சகர்கள் அதில் நகைச்சுவையைக் கண்டார்கள். நகைச்சுவை இருந்தது உண்மைதான். ஆனால் ஒரு பாலைவன ஊரில் ஓடும் நிலையில் உள்ள டொயோட்டா என்பது நிலத்துக்குப் போவதற்கும் சடங்குக்குப் போவதற்கும் இறந்தவரை அடக்கம் செய்யப் போவதற்கும் உள்ள ஒரே வழி என்பதை அறிந்தவர்களுக்கு, அந்தச் சிற்பம் சிரிப்பை மட்டும் தந்திருக்காது.

இங்கே ஓர் எதிர்ப்பு எழலாம். வெளியார் சொல்லிக் கொடுத்த கைத்தொழில் எப்படிக் காலனிய நீக்கமாகும்? கலப்பற்ற பழமைக்குத் திரும்புவதே விடுதலை என்ற எண்ணம் நம்மிடமும் வலுவாக இருக்கிறது. எர்னபெல்லா என்ற ஊரின் கதை அதை உடைக்கும். புகட்ஜா என்பது அதன் சொந்தப் பெயர். 1937-இல் பிரெஸ்பிட்டீரியன் சபை அங்கே மிஷன் அமைத்தது, ஆடு வளர்த்தது, 1948-இல் பெண்களுக்கென ஒரு கைவினை அறையைத் திறந்தது. மிஷனின் ஆட்டு உரோமத்தைப் பெண்கள் நூற்றது எதைக் கொண்டு தெரியுமா? தலைமுடியைக் கயிறாகத் திரிப்பதற்குத் தங்கள் மூதாதையர் பயன்படுத்திய அதே கைக்கதிரைக் கொண்டு. கம்பளத்தில் அவர்கள் இட்ட கோலங்கள் ‘வால்கா’ எனப்பட்டன. அவை யாருடைய புனிதக் கதையையும் வெளிப்படுத்தாதவை, வளைந்து சுழன்று ஓடும் கோடுகள். 1970-களின் தொடக்கத்தில், சூடான மெழுகால் துணியில் கோலமிட்டுச் சாயம் தோய்க்கும் பாத்திக் முறை அந்த அறைக்கு வந்தது. 1975-இல் எர்னபெல்லாப் பெண்கள் சிலர் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவுக்கே சென்று அங்குள்ள பாத்திக் ஆய்வு நிலையத்தில் பயின்றார்கள். ஜாவானியர் நுணுக்கமாகத் திட்டமிட்டு வரைவதை, இவர்கள் வரைவோலை எதுவுமின்றித் துணியில் நேராகவே மெழுகை ஓடவிட்டு வரைந்தார்கள். ஆஸ்திரேலியாவில் இடைவிடாது இயங்கிவரும் பூர்வகுடிக் கலை மையங்களில் மிகப் பழையது இந்தக் கைவினை அறையின் வாரிசுதான். மிஷன் போனது, ஆடு போனது. அறை பெண்கள் கையில் நின்றது.

ஒரு கருவி எங்கிருந்து வந்தது என்பது இந்தப் பெண்களுக்குப் பெரிய கேள்வியாக இருந்ததாகத் தெரியவில்லை. அது யார் சொல்லைக் கேட்கிறது என்பதே கேள்வி. சமயத்திலும் இதையே காண்கிறோம். லுத்தரன் மிஷனரிகள் 1877-இல் ஹெர்மன்ஸ்பர்க்கில் குடியேறி ஜெர்மானியப் பாமாலைகளைக் கற்பித்தார்கள். 2015-இல் நடு ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண்களின் பாடற்குழு ஜெர்மனிக்குச் சென்று, அந்தப் பாடல்களைத் தங்கள் மொழிகளில் அங்குள்ள தேவாலயங்களில் பாடியது. வடக்கே டேலி ஆற்றங்கரையில் மிரியம் ரோஸ் உங்குன்மெர் பௌமன் என்ற ஓவியரும் ஆசிரியருமான மூதாட்டி, கத்தோலிக்கராக இருந்துகொண்டே, ‘தடிரி’ என்ற தம் மக்களின் சொல்லை நாடு முழுவதற்கும் அறிமுகப்படுத்தினார். ஆழ்ந்து, அமைதியாக, உள்ளிருந்து கேட்டல் என்பது அதன் பொருள். கோட்பாட்டாளர்கள் வரையும் படத்தில் கிறித்தவம் காலனியத்தின் பக்கமும் மூதாதையர் நெறி விடுதலையின் பக்கமும் நேராக நிற்கும். இந்தப் பெண்களின் வாழ்வில் அவை அவ்வளவு நேராக நிற்பதில்லை.

ஓவியம் பெண்கள் கைக்கு வந்த விதம் வேறு. 1971-இல் பாபுன்யா என்ற அரசுக் குடியிருப்பில் ஆண்கள் அக்ரிலிக் வண்ணத்தில் வரையத் தொடங்கியதைத்தான் உலகம் மேற்குப் பாலைவன ஓவிய இயக்கம் என்று அறிகிறது. அந்த ஆண்களின் மனைவியரும் சகோதரியரும் நெடுங்காலம் பின்னணியில் புள்ளிகள் இட்டு உதவினார்கள். பெரும்பாலோர் தங்கள் பெயரில் வரையவில்லை. 1994-இல் கின்டோர், ஹாஸ்ட்ஸ் பிளஃப் என்ற இரண்டு ஊர்ப் பெண்கள் பெரிய கித்தான்களில் கூடி வரையும் முயற்சியை மேற்கொண்டார்கள். அதற்காக அவர்கள் முதலில் செய்தது ஓவியமல்ல, சடங்கு. தங்கள் இடங்களுக்குப் போய்ப் பாடி ஆடிவிட்டு வந்து வரைந்தார்கள். அவர்களில் ஒருவரான மக்கின்டி நபனங்கா, பயணம் போகும் இரு பெண்களையும் அவர்கள் அணியும் முடிக்கயிற்றுப் பாவாடையையும், அசையும் கோடுகளாகத் திரும்பத் திரும்ப வரைந்து, 2008-இல் தேசிய விருதைப் பெற்றார்.

இந்த ஓவியங்கள் நோயை ஆற்றியது உருவகமாக அல்ல. கின்டோர், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. பிண்டுபி மக்கள் அரசுக் குடியிருப்புகளை விட்டுத் தங்கள் நிலத்துக்கு அருகே திரும்பிவந்து 1981-இல் அமைத்த ஊர் அது. திரும்பிவந்தவர்களைச் சிறுநீரக நோய் மறுபடியும் பெயர்த்தது. நிலம் இழந்ததும், வேட்டை உணவு போய் மாவும் சர்க்கரையும் வந்ததும், நெரிசலும் சேர்ந்து விளைத்த நோய். வாரத்தில் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ள முதியவர்கள் நகரத்துக்குப் போய் அங்கேயே தங்கவேண்டி வந்தது. சடங்கை நடத்த வேண்டியவர், பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வேண்டியவர், அந்நிய நகரின் வாடகை அறையில் இறந்தார். ஊரிலேயே இயந்திரம் வையுங்கள் என்ற கோரிக்கைக்குச் செலவு அதிகம் என்பதே பதிலாக இருந்தது. அப்போது கின்டோர், கிவிர்குரா ஊர்களின் ஓவியர்கள் நான்கு பெரிய கித்தான்களைக் கூட்டாக வரைந்தார்கள்; இரண்டு ஆண்களுடையவை, இரண்டு பெண்களுடையவை. 2000 நவம்பரில் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் நடந்த ஏலத்தில் பத்து லட்சம் டாலருக்கும் மேல் திரண்டது. 2004-இல் கின்டோரில் சுத்திகரிப்பு தொடங்கியது. அதற்காக உருவான அமைப்பின் பிண்டுபிப் பெயர் நீளமானது. ‘நம் குடும்பங்கள் அனைத்தையும் நலமாக்குதல்’ என்று பெயர்க்கலாம். ஊதா வீடு என்ற செல்லப்பெயரில் அது இன்று பல பாலைவன ஊர்களில் மருத்துவம் செய்கிறது, மூலிகைத் தைலமும் தயாரித்து விற்கிறது. அந்தத் தைலத்துக்கான இலை எது, எங்கே பறிப்பது, எப்படிக் காய்ச்சுவது என்பதெல்லாம் பாட்டிமார் அறிந்தது.

கலை, தொழில், ஆன்மிகம் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டீர்கள். இந்தத் தைலக் குப்பியை எந்த அட்டவணையில் வைப்பது என்று யோசித்துப் பார்க்கலாம். நிலம், சட்டம், படைப்பு, மூதாதையர் வழி ஆகிய எல்லாவற்றையும் பிட்ஜன்ஜாரா மொழியில் ‘ஜுகுர்பா’ என்ற ஒரே சொல் தாங்குகிறது. ஆங்கிலத்தில் அதைக் கனவு என்று பெயர்த்து, ஏதோ உறக்கத்தில் கண்டது போல ஆக்கிவிட்டார்கள். ஜுகுர்பா கடந்த காலமும் அல்ல. இப்போதும் நடந்துகொண்டிருப்பது, பின்பற்றாவிட்டால் தண்டனை உடையது. ‘சட்டம்’ என்பதே அதற்கு ஓரளவு பொருந்தும்.

அந்தச் சட்டத்தின் மாபெரும் பெண்வழிகளுள் ஒன்று ஏழு சகோதரியர் பாதை. ஞிரு என்ற காமுகன் துரத்த, ஏழு சகோதரியர் கண்டத்தின் மேற்கிலிருந்து பாலைவனங்களைக் கடந்து ஓடுகிறார்கள். அவர்கள் தங்கிய இடம் குகையாகிறது, தோண்டிய இடம் நீரூற்றாகிறது. கடைசியில் வானேறி விண்மீன்களாகிறார்கள். நாம் கார்த்திகை என்று அழைக்கும் அதே கூட்டம்; சங்கப் பாடல்கள் அறுமீன் என்று சொன்னவை; நம் கதையில் அறுவராக முருகனை வளர்த்த பெண்கள். துரத்துகிறவன் இன்றும் அவர்களுக்குப் பின்னால் ஓரியன் கூட்டமாக வந்துகொண்டிருக்கிறான். பள்ளியும் பண்ணையும் இடப்பெயர்வும் இந்தப் பாதையின் பாடல்களை அறுத்துப் போட்டிருந்ததால், அவற்றை மீண்டும் இணைக்க உதவுமாறு பாலைவன முதியோர் கேட்டுக்கொண்டதிலிருந்து தொடங்கிய பெரிய முயற்சி, 2017-இல் கான்பெராவின் தேசிய அருங்காட்சியகத்தில் கண்காட்சியாக முடிந்தது. ஜன்பிப் பெண்கள் புல்லால் செய்த ஆளுயரச் சகோதரியர் அதில் இருந்தார்கள். பின்னர் அது ஐரோப்பாவுக்கும் போனது. துரத்தும் ஆணும், தங்கையரைக் காக்கும் அக்காவும், தப்பித்தலும் உள்ள கதை என்பதால், வீட்டு வன்முறையைப் பற்றிப் பேத்திமாரிடம் பேசுவதற்கும் அது ஒரு மொழியைத் தருகிறது. இந்த மகளிர் அவையே வீட்டு வன்முறைக்கு எதிரான சேவையையும் நடத்துகிறது, பெட்ரோல் முகரும் பழக்கத்தைத் தடுக்க மாற்று எரிபொருள் கேட்டு நெடுங்காலம் போராடியதும் அதுதான்.

ஆன்மிகம் என்றால் தியான அறையின் அமைதி என்று நினைக்கிறவர்களுக்கு ஹிண்ட்மார்ஷ் தீவு வழக்கைச் சொல்ல வேண்டும். தெற்கு ஆஸ்திரேலியாவில் முர்ரே ஆறு கடலைச் சேரும் இடத்தில் உள்ள அந்தத் தீவுக்குப் பாலம் கட்டத் திட்டமிட்டபோது, ஙாரிஞ்ஜெரிப் பெண்கள் சிலர் அது பெண்களுக்கு மட்டுமே உரிய புனித அறிவோடு தொடர்புடைய இடம், அந்த அறிவை ஆண்களிடம் சொல்ல முடியாது என்றார்கள். 1995-இல் மாநில அரசு அமைத்த ராயல் கமிஷன், அது பாலத்தைத் தடுக்க இட்டுக்கட்டிய கதை என்று தீர்ப்புக் கூறியது. ரகசியத்தைச் சொன்னால் சட்டத்தை மீறியவர்கள், சொல்லாவிட்டால் பொய்யர்கள். 2001 மார்ச்சில் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபெடரல் நீதிமன்ற நீதிபதி ஒருவர், அது இட்டுக்கட்டப்பட்டது என்பதைத் தம்மால் ஏற்க முடியவில்லை என்றார். 2010-இல் மாநில அரசும் பெண்களின் நிலையை ஏற்றது. அதற்குள் பாலத்தின் மீது ஒன்பது ஆண்டுகளாக வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அதே ஙாரிஞ்ஜெரிச் சமூகத்தின் பெண்கள்தான் கோரைப் புல்லால் கூடையும் விலாங்கு பிடிக்கும் கூண்டும் முடையும் கலையை அழிவிலிருந்து மீட்டவர்கள். அவர்களில் ஒருவரான இவான் கூல்மாட்ரி 1997-இல் வெனிஸ் கலை விழாவில் ஆஸ்திரேலியாவின் சார்பில் காட்சிக்கு வைக்கப்பட்ட மூவருள் ஒருவர். கூடையை வெனிசுக்கு அனுப்பிப் பெருமைப்பட்ட நாடு, கூடை முடையும் சமூகத்தின் பெண்கள் சொன்ன சொல்லை நம்பவில்லை. கலையைக் கொண்டாடுவது எளிது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மாறாக, சொல் ஏற்கப்பட்ட இடங்களும் உண்டு. மரலிங்காச் சோதனைகளால் பெயர்க்கப்பட்ட, மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்து ஸ்பினிஃபெக்ஸ் மக்கள் தங்கள் நிலத்துக்கு உரிமை கோரியபோது, 1997-இல் ஓவியத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, ஆண்கள் கூட்டாக ஒன்றும் பெண்கள் கூட்டாக ஒன்றும் தங்கள் நாட்டை வரைந்தார்கள். அந்தக் கித்தான்கள் உரிமை ஒப்பந்தத்தின் பகுதியாகவே ஆயின. 2000-இல் உரிமை ஏற்கப்பட்டது. பட்டாவும் பத்திரமும் இல்லாதவர்களின் பத்திரம் அது. பெண்களுக்குத் தனிக் கித்தான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் கூட்டத்துக்கு வெளியே அமர்த்தப்பட்டவர்களின் கையெழுத்து அது.

இனி நிழலான பக்கம். வட ஆட்சிப்பகுதியில் யுடோப்பியா என்ற முன்னாள் மேய்ச்சல் பண்ணையில் 1977 அளவில் பெண்கள் பாத்திக் பழகினார்கள்; ‘அவெல்யே’ என்னும் தங்கள் சடங்கில் மார்பிலும் தோளிலும் தீட்டும் கோடுகள் பட்டுத் துணிக்கு வந்தன. அவர்களில் எமிலி காமே உங்வாரே எண்பது வயதை நெருங்கும்போது அக்ரிலிக்குக்கு மாறி, 1996-இல் இறக்கும்வரையான சுமார் எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 3,000 ஓவியங்கள் வரைந்தார் என்று கணக்கிடுகிறார்கள். ‘காமே’ என்பது ஒரு வகைக் கிழங்குக் கொடியின் விதையையும் பூவையும் குறிக்கும் பெயர். தரைக்கு மேலே எதுவும் தெரியாதபோது, தரை வெடிப்பைப் பார்த்து அந்தக் கிழங்கைக் கண்டுபிடிப்பார்கள். 1995-இல் எட்டு மீட்டர் அகலக் கித்தானில் அவர் வரைந்த வெள்ளைக் கோடுகள் அந்தக் கிழங்கின் வேர்களே. அவருடைய ‘பூமியின் படைப்பு’ என்ற ஓவியம் 2007-இல் பத்து லட்சம் டாலரைத் தாண்டியும், 2017-இல் 21 லட்சம் டாலருக்கும் விலை போனது.

அவருடைய ஊர் அதனால் செழித்ததா? இல்லை. யுடோப்பியாவில் பல பத்தாண்டுகளாகச் சமூகமே நடத்தும் கலை மையம் இருக்கவில்லை. தனி வணிகர்கள் நேரே வந்து வாங்கினார்கள். ஒரு மூதாட்டியின் தூரிகையை நம்பி உறவினர் பலர் வாழ்ந்தார்கள். மறுவிற்பனையில் ஓவியருக்கோ வாரிசுக்கோ 5 விழுக்காடு தரும் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010-இல்தான். சமூகம் தேர்ந்தெடுத்த குழு நடத்தும் மையத்துக்கும், காரின் பின்புறத்தில் கித்தான் சுருளோடு வரும் வணிகருக்கும் உள்ள வேறுபாட்டை, தொழில்முனைவைப் புகழும் பேச்சுகள் பெரும்பாலும் சொல்வதில்லை. 2022-இல் அந்நாட்டு உற்பத்தித்திறன் ஆணையம் வெளியிட்ட அறிக்கையின்படி பூர்வகுடிக் காண்கலை, கைவினைச் சந்தை ஆண்டுக்குச் சுமார் 25 கோடி டாலர். பூர்வகுடிப் பாணியில் விற்கும் நினைவுப் பொருள்களிலோ பாதிக்கும் மேல் போலி. இந்தோனேசியாவில் செய்த பூமராங்குகளைப் பூர்வகுடியினர் செய்தவை போலக் காட்டி விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019-இல் நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. போலியைச் செய்வது நேரடியாகக் குற்றமல்ல, ஏமாற்றுவதுதான் குற்றம் என்பது அந்நாட்டு நுகர்வோர் சட்டத்தின் ஓட்டை.

நிலம் திரும்பாத வரை காலனிய நீக்கம் என்ற சொல்லைப் பயன்படுத்துவதே தவறு என்று வாதிடுவோர் உண்டு. அவர்களோடு நான் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஜன்பியின் புல் அணங்கு மக்களின் சொந்த நிலத்தில் வளர்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் 1981 நில உரிமைச் சட்டம் அவர்களுக்கு ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் மீட்டுத் தந்திராவிட்டால் அந்தக் கூடை வேறொரு பொருளாக இருந்திருக்கும். ஆயினும் நிலம் திரும்பியவுடன் எல்லாம் சரியாகிவிடுவதில்லை. மனிதர்களும் திரும்ப வேண்டியிருக்கிறது.

அதைப் பற்றி ‘ஙங்காரி’ என்னும் மரபு மருத்துவர்கள் தெளிவாகவே பேசுகிறார்கள். பெண்களும் ஆண்களுமாக உள்ள இவர்கள், அச்சத்தாலும் துக்கத்தாலும் ஒருவரின் ‘குருன்பா’ என்ற உயிராவி உடலைவிட்டு இடம்பெயரும் என்கிறார்கள். தொட்டும் ஊதியும் அதை மீண்டும் இருக்க வேண்டிய இடத்தில் வைப்பது அவர்கள் வேலை. மகளிர் அவையின் ஙங்காரிகள் மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் மனநல மருத்துவர்களோடு பணிபுரிகிறார்கள். 2011-இல் உலக உளச்சிகிச்சைப் பேரவை அவர்களுக்கு சிக்மண்ட் ஃபிராய்டு பெயரிலான விருதை அளித்தது. அடுத்த ஆண்டு, பாட்டிமாரும் ஙங்காரிகளும் மனநல வல்லுநர்களும் ஒரே அறையில் அமர்ந்து, பேசப்படாமல் போன உணர்வுகளுக்கு இரு மொழிகளிலும் சொல் தேடும் பணி ஒன்று தொடங்கியது. மூளைக்கும் அதிர்ச்சிக்கும் உள்ள தொடர்பை வல்லுநர்கள் விளக்க, அதற்கு ஏற்ற சொல் தங்கள் மொழியில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பெண்கள் தேடினார்கள். இளையோருக்குத் தெரியாமல் போன பல பழைய சொற்கள் அப்படி மேலே வந்தன. அவற்றைப் படமாக வரைந்து சுவரொட்டிகளாக்கி ஊர்களுக்கு அனுப்பினார்கள். அந்தப் பணிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘உட்டி குலின்ஜாக்கு’. உட்டி என்றால் தெளிவாக. குலினி என்ற வினைக்கு அந்த மொழியில் கேட்பது, எண்ணுவது, புரிந்துகொள்வது ஆகிய மூன்றும் பொருள்.